திறன் இடைவெளி யாருடையது?

கிழக்கு தில்லியில் எங்கள் கிளையைச் சேர்ந்த தோழர் ஒருவர் ஒப்பந்த மின்பணியாளர். அவருடைய மகள் எம்.சி.ஏ. இறுதியாண்டு மாணவி. சென்ற பருவத்தில் ஒரு மாலை அவள் நான்கு பக்க அச்சுத்தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மாமா, அப்பாவுக்கு இதைக் கொஞ்சம் தமிழ்ல எடுத்துச் சொல்லுங்க. பதிவுக் கட்டணம் கட்டணும். எதுக்குன்னு கேக்கறாரு" என்றாள். முதுகலை கணினி அறிவியல் மாணவர்களுக்காக அவளுடைய துறை நடத்தும் இரண்டு நாள் 'கல்வி மற்றும் பணிவாழ்வு மேம்பாட்டு நிகழ்வு'க்கான நிகழ்ச்சி நிரல் அது.

மொழிபெயர்ப்பே என் கட்சிப் பணி. மாநாட்டுத் தீர்மானங்களைத் தமிழாக்கிப் பழகிய எனக்கு நான்கு பக்கம் ஒரு பொருட்டல்ல என்று எண்ணி உட்கார்ந்தேன். மொத்தம் பதினொரு அமர்வுகள். தன்விவரக் குறிப்பைத் தயாரிப்பது, லிங்க்ட்இன் பக்கத்தைப் பொலிவாக்குவது, குழு விவாதம், மாதிரி நேர்காணல், உடல்மொழி, முன்னாள் மாணவர் ஒருவரின் ஊக்கவுரை, இரவு முழுவதும் நீளும் ஹேக்கத்தான் என்று பட்டியல் போயிற்று. கணினி அறிவியல் குறித்த அமர்வு ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு நிறுவனம் தன் விற்பனைப் பொருளை அறிமுகப்படுத்தும் அமர்வு. வேலை ஒப்பந்தம், வேலை நேரம், தொழிலாளர் சட்டம் ஆகியவை பற்றி ஒரு வரிகூட இல்லை.

தோழர் கட்டணத்தைக் கட்டினார். மகள் போய்வந்தாள். கேள்வி நேரத்தில் அவள் எழுந்து, பணிப்பிணையில் கையெழுத்திடுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மேடையில் இருந்தவர், "முதலில் வேலை கிடைக்கட்டும், எதிர்மறையாகச் சிந்திக்காதீர்கள்" என்று சொல்லிச் சிரித்தாராம். அரங்கமும் சிரித்ததாம். அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

இத்தகைய நிகழ்வுகள் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டிய பிள்ளைக்குத்தான் இவை அதிகம் தேவை. நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்லித்தர அந்தப் பிள்ளைக்கு அண்ணனோ அத்தையோ இல்லை. ஆகவே, நிகழ்வின் உள்ளடக்கத்தை யார் தீர்மானிக்கிறார்கள், எதைச் சொல்லித்தருகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பவையே நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

அந்த நிரலில் என்னைத் திணறவைத்தவை தொழில்நுட்பச் சொற்கள் அல்ல. 'எம்ப்ளாயபிலிட்டி', 'ஸ்கில் கேப்' என்ற இரண்டு சொற்களே. முதலாவதை 'வேலைக்குத் தகுதியுடைமை' என்று எழுதினேன். எழுதியதும், நாம் இத்தனை காலம் பேசிவந்த ஒரு சொல்லை அது ஓசையின்றி அப்புறப்படுத்துவது புரிந்தது. வேலையின்மை என்பது சமூகத்தின் நிலை. அதற்கு அரசும் மூலதனமும் பதில் சொல்லியாக வேண்டும். வேலைக்குத் தகுதியின்மை என்பதோ தனிமனிதரின் குறை. அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லை மாற்றிவிட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் மாறிவிடுகிறார்.

'திறன் இடைவெளி'யும் அத்தகையதே. இடைவெளி என்றால் இரண்டு கரைகள் இருக்க வேண்டும். ஒரு கரையில் மாணவர், மறுகரையில் நிறுவனம். ஆனால், பாலம் கட்ட வேண்டியவர் மாணவர் மட்டுமே என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. வேலையில் சேர்ந்து பல்லாண்டு அனுபவம் பெற்றவரும் இந்தச் சொல்லிலிருந்து தப்பவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் இடைநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். அப்போது தலைமை நிர்வாகி முன்வைத்த காரணங்களில் 'திறன் பொருத்தமின்மை'யும் ஒன்று. உள்ளே நுழையும்போதும் திறன் போதாது. வெளியே அனுப்பும்போதும் திறன் பொருந்தாது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் திறன் ஈட்டித்தந்த லாபத்தைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

கான்பூரில் நடந்தது

கணினிக் கல்வியில் கல்வி நிகழ்வு என்பது நம் நாட்டில் எப்படித் தொடங்கியது என்று திரும்பிப் பார்ப்பது பயன்தரும். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கணினி நிறுவப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு உதவித் திட்டத்தின் கீழ் வந்த கணினி அது. அந்த உதவியின் அரசியலை நாம் அறிவோம். எனினும், கணினி வந்தபின் அங்கிருந்த ஆசிரியர்கள் செய்தது கவனத்திற்குரியது. நாடெங்கிலுமிருந்து கல்லூரி ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் வரவழைத்துக் குறுகிய காலத் தீவிர வகுப்புகளை நடத்தினார்கள். வந்தவர்கள் தாங்களே நிரல் எழுதி, தாங்களே கணினியை இயக்கிப் பார்த்தார்கள். அவ்வகுப்புகளை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், 2025 நவம்பரில் மறைந்த பேராசிரியர் வி. ராஜாராமன். தம் பாடநூல்கள் சாதாரண மாணவரும் வாங்கக்கூடிய விலையில் வெளிவர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எம்.சி.ஏ. என்ற படிப்பு 1980களின் தொடக்கத்தில் உருவானதிலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு.

அதே கான்பூரில் 1968இல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கட்டுப்பாட்டுக் கோட்பாடு படித்துக்கொண்டிருந்த முதுகலை மாணவர் ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கணினி அறிவியல் அறிஞர் ஒருவருடன் காலை உணவு வேளையில் உரையாட நேர்ந்தது. உரையாடல் முடிந்ததும் நேரே நூலகம் சென்று, அவர் குறிப்பிட்ட நான்கைந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, இனி கணினி அறிவியலே தம் துறை என்று அம்மாணவர் முடிவு செய்தார். அவர்தான் பிற்காலத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி. 2007இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அவரே கூறிய செய்தி இது.

அவருடைய 'பணிவாழ்வு மேம்பாட்டு நிகழ்வு' இவ்வளவுதான்: பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம், மாணவருடன் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ட அறிஞர், ஆய்விதழ்கள் நிறைந்த நூலகம், சிந்திக்க ஓய்வான ஒரு ஞாயிறு. அப்படிப்பட்டவர் 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அந்த 70 மணி நேரத்தில் அவரை உருவாக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இடம் எங்கே?

கல்வி நிகழ்வு என்ற பெயருக்குப் பொருத்தமானவை இன்றும் இல்லாமல் இல்லை. கோட்பாட்டுக் கணினி அறிவியல் அறிஞர்கள் 1981 முதல் ஆண்டுதோறும் இந்தியாவில் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். என்ற மாநாட்டை நடத்திவருகிறார்கள். மாணவரின் ஆய்வுக் கட்டுரையும் மூத்த அறிஞரின் உரையும் அங்கே ஒரே மேடையில் இடம்பெறுகின்றன. ஆனால், மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் படிக்கும் எம்.சி.ஏ. மாணவிக்கு அப்படியொரு மாநாடு நடப்பதே தெரியாது. அவள் கைக்கு வந்து சேர்வது உடல்மொழிப் பயிற்சிதான்.

பயிற்சிச் செலவு யார் தலையில்?

உழைப்புச் சக்தியின் மதிப்பில் அதைப் பயிற்றுவிக்கும் செலவும் அடங்கும் என்பதை மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். அச்செலவை யார் ஏற்பது என்பது வர்க்கப் பிரச்சினை. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்துவந்த காலத்தில், எந்தத் துறையில் பட்டம் பெற்றவரையும் வேலைக்கு எடுத்துச் சம்பளத்துடன் சில மாதங்கள் பயிற்சி அளித்தன. இன்று அவை கேட்பது, முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கத் தயாராக இருக்கும் ஆளை. நேற்றுவரை நிறுவனம் ஏற்ற செலவு இன்று குடும்பத்தின் தலையில். சான்றிதழ்ப் படிப்புக்குக் கட்டணம், மாதிரித் தேர்வுக்குக் கட்டணம், மடிக்கணினிக்குக் கடன், நேர்காணலுக்குப் புதுச் சட்டை. நான் சொன்ன நிகழ்வுக்கும் பதிவுக் கட்டணம்.

கல்விக்கூடமும் தன் பங்கைச் சுருக்கிக்கொண்டது. மூன்றாண்டுப் படிப்பாக இருந்த எம்.சி.ஏ., 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. செலவு குறைகிறது என்று மாணவரும் வரவேற்றிருக்கலாம். ஆனால், இயற்பியலோ வணிகவியலோ படித்துவிட்டு வருபவருக்குக் கணினி அறிவியலின் அடித்தளத்தை ஊன்ற இரண்டாண்டு போதுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பாடத்திட்டத்தில் போன ஆண்டை ஈடுகட்டத்தான் வார இறுதி நிகழ்வுகள் வருகின்றன. எம்.டெக். மாணவருக்கு, கேட் தேர்வின் அடிப்படையில் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். பத்தாண்டுகளாக அந்தத் தொகை அசையவில்லை. விலைவாசி அப்படி நிற்கவில்லை. இதற்கு மாறாக, ஆராய்ச்சி மாணவர்கள் வீதிக்கு வந்து போராடியபின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்ந்தது. எந்த ஊக்கவுரையும் அதைப் பெற்றுத்தரவில்லை.

இவ்வளவு செலவையும் தாங்கி உள்ளே நுழைந்தவரின் நிலை என்ன? 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூரு வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் அவர்கள் தேறவில்லை என்பது நிறுவனத்தின் விளக்கம். ஆனால், அவர்களில் பலர் 2022இல் தேர்வாகி, வேலையில் சேரவே இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். அந்தக் காத்திருப்புக் காலத்தின் கணக்கு எந்த மதிப்பீட்டிலும் ஏறவில்லை. வாசலில் காத்துநிற்கும் ரிசர்வ் பட்டாளம் உள்ளே இருப்பவரின் சம்பளத்தை அமுக்கிவைக்கும் என்று நாம் வகுப்பெடுப்பது, இங்கே கண்முன் நடக்கிறது.

'குடும்பப் பின்னணி'

மென்திறன் அமர்வுகளைப் பற்றி ஒரு சொல். தன்னம்பிக்கையோடு பேசு, சரளமாக ஆங்கிலம் பேசு, பழக்கவட்டத்தைப் பெருக்கு என்பவை அவற்றின் பாடங்கள். பேச்சுப் பயிற்சியில் தவறில்லை. ஆனால், அங்கே 'ஆளுமை' என்று பெயர் சூட்டப்படுவதில் எவ்வளவு சாதி, எவ்வளவு வர்க்கம்?

2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை நம் தோழர்கள் படிக்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் நிறுவனங்களுக்குச் சமமான கல்வித்தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்க சாதிப் பெயர்களோடு ஒப்பிடும்போது தலித், முஸ்லிம் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு குறைவாகவே வந்தது. சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவளத் துறைத் தலைவர்களைப் பேட்டி கண்டார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே அலுவலர்கள், விண்ணப்பதாரரின் 'குடும்பப் பின்னணி'யைக் கேட்டறிவது முக்கியம் என்றும் சொன்னார்கள். மென்பொருள் வேலைகளுக்கான முதல்கட்ட அழைப்பில் சாதிப் பாகுபாடு தென்படவில்லை என்று கூறிய ஆய்வும் பின்னர் வந்தது. அதையும் மறைக்கத் தேவையில்லை. அழைப்புக்குப் பின்னர் நேர்காணல் அறைக்குள் "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்வி எழுகிறதே, அதுவே நம் கவலை. ஒப்பந்த மின்பணியாளர் என்று பதில் சொல்லும் பெண்ணுக்கு, கைகுலுக்கும் விதத்தைக் கற்றுத்தருவதால் மட்டும் அந்த அறையின் நியாயம் மாறிவிடாது.

நிரலில் இருக்க வேண்டியவை

அப்படியானால் நிரலில் என்ன இருக்க வேண்டும்? முதலாவதாக, சம்பளக் கணக்கு. வளாக நேர்காணலில் அறிவிக்கப்படும் ஆண்டுத் தொகை கைக்கு வரும் சம்பளம் அல்ல. வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு, பணிக்கொடை, காப்பீட்டுத் தவணை, நிச்சயமற்ற ஊக்கத்தொகை ஆகியவற்றையும் அதில் சேர்த்துக் காட்டும் வழக்கம் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு மணி நேர வகுப்பு போதும்.

இரண்டாவதாக, அந்தப் பெண் கேட்ட பணிப்பிணை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர முடியாது. அதேவேளையில், பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்றாண்டுக்குமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, பிணை எல்லாம் வெற்றுக்காகிதம் என்று நினைப்பதும் தவறு, நிறுவனம் கேட்டதையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று அஞ்சுவதும் தவறு. கையெழுத்திடுமுன் படிக்க வேண்டும். நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் எதிர்மறைச் சிந்தனை எங்கே இருக்கிறது?

மூன்றாவதாக, சட்டம். கர்நாடக அரசு 2014இல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு, 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 2019இலும் 2024இலும் அது நீட்டிக்கப்பட்டது. இப்போது 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டு, நிலையாணை கட்டாயமாகும் வரம்பு 300 தொழிலாளர்களாக உயர்த்தப்பட்டிருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களையும் பாதுகாக்கிறது என்பதை, இன்டர்ன்ஷிப்புக்குச் செல்லும் எத்தனை மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியதும், 2024இல் கர்நாடகத்தில் நாளொன்றுக்கு 14 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் முன்மொழிவு வந்தபோது கிட்டு சங்கம் அதை எதிர்த்து வீதியில் இறங்கியதும் அவர்களுடைய வரலாறுதான். அதை அவர்கள் அறியாமலே பட்டம் பெறுகிறார்கள்.

நான்காவதாக, படிப்பு. ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தொடக்கம் முதல் முடிவுவரை சேர்ந்து படிப்பது. கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் ஒரு சிறு பிழையைத் திருத்துவது. ஹேக்கத்தானில் இரவெல்லாம் விழித்து உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்ற விதியைப் படித்தபின் பங்கேற்பது.

நம் பொறுப்பு

இங்கே நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1960களில் கல்கத்தாவின் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணினி நுழைவதை எதிர்த்து எல்.ஐ.சி. ஊழியர்கள் காவலிருந்த வரலாற்றை எடுத்துக்காட்டி, இடதுசாரிகள் கணினியின் எதிரிகள் என்று இன்றும் கேலி பேசுவோர் உண்டு. அன்றைய கேள்வி, இயந்திரத்தின் பலன் யாருக்கு, அதைத் தீர்மானிப்பது யார் என்பதே. செயற்கை நுண்ணறிவின் காலத்தில் அந்தக் கேள்வி கணினி படித்தவரின் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால், அந்த வாசலில் நாம் இருக்கிறோமா? கணினித் துறை மாணவர்கள் வசதியானவர்கள், அரசியலில் நாட்டமில்லாதவர்கள் என்று நாமாகவே முடிவுகட்டி ஒதுங்கி நின்றோம். நாம் விட்ட இடத்தில் ஊக்கவுரையாளர் வந்து அமர்ந்தார்.

இந்நிகழ்வுகளைப் புறக்கணிப்பது வழியல்ல. மாணவர் அமைப்புகள், நிரலைத் தயாரிக்கும் குழுவில் மாணவர் பிரதிநிதித்துவம் கோர வேண்டும். கட்டணத்தை எதிர்க்க வேண்டும். சட்டம், ஒப்பந்தம் குறித்த அமர்வுக்காக ஐ.டி. ஊழியர் சங்கத் தோழர்களை அழைக்கும்படி துறைத்தலைவரிடம் மனு கொடுக்க வேண்டும். மறுத்தால், கல்லூரி வாயிலிலோ நூலகத் திண்ணையிலோ நாமே நடத்தலாம். பெற்றோருக்கும் புரியும் மொழியில் நடத்தலாம்.

அந்த நிகழ்வு முடிந்த மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை, அவள் தன் வகுப்புத் தோழர்கள் ஏழு பேரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். எங்கள் வழக்கறிஞர் தோழர் ஒருவர், பெயர் நீக்கிய ஒரு பணிநியமன ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து விளக்கினார். நான் கடினமான சொற்களுக்குத் தமிழும் இந்தியும் சொன்னேன். தோழர் மின்பணியாளரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். 'அறிவிப்புக் காலம்' என்ற பத்தி வந்தபோது அவர், "எங்க ஒப்பந்தக்காரர் குடுக்கற தாள்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கே" என்றார். மகள் திரும்பித் தந்தையைப் பார்த்தாள். மின்கம்பத்தில் ஏறுபவருக்கும் திரைமுன் அமரப்போகிறவளுக்கும் எதிரில் இருப்பது ஒரே தாள் என்பதை நாங்கள் யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதிவுக் கட்டணம் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தை ஒவ்வொரு கிளையாலும் நடத்த முடியும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அதை நடத்துவோம்.